பின்னல் ஊசியா, குத்தூசியா?



கொழும்பிலே ஒரு கந்தோரின் கணக்குப் பகுதியில் வேலை பார்க்கும் என் மருமகன், சென்ற விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது ஒரு கடதாசித் துண்டை என் முன்னே வைத்தான். நடுவே ஒரு கோடு. கோட்டின் இடப்புறம் 'பின்னல்' என்றும், வலப்புறம் 'தோல் வேலை' என்றும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் செலவு, நேரம், இடவசதி, பயன் என்று தலைப்பிட்டுக் குறித்திருந்தான். ஐந்தொகை தயாரிப்பவனுடைய கை எங்கே போகும்!

"மாமா, பின்னேரம் அறைக்குத் திரும்பினால் தொலைபேசியைத் தடவிக்கொண்டே படுத்துவிடுகிறேன். கையால் ஏதாவது செய்யவேண்டும் போலிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகத் தொடங்க என்னிடம் காசும் இல்லை, இடமும் இல்லை. உங்களுக்கு இரண்டும் தெரியுமே, எதைத் தொடங்கலாம்?" என்று கேட்டான்.

இது ஒரு சிறிய கேள்விதான். பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றே நானும் எண்ணினேன். அந்தப் பத்து நிமிடம் எப்படி நீண்டது என்பதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலில் பின்னலைப் பற்றி. பின்னல் என்பது ஒரே நூல். நெசவிலே பாவும் ஊடுமாக இரு திசை நூல்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. பின்னலிலோ ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, கீழ்வரிசைக் கண்ணிக்குள் மேல்வரிசைக் கண்ணி நுழைந்து, துணியாகிறது. இடக்கை ஊசியில் இருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக வலக்கை ஊசிக்கு மாற்றுவதே முழு வேலையும். கற்றுக்கொள்ள வேண்டிய கண்ணிகள் இரண்டே: நேர்க்கண்ணி, மறுகண்ணி. உண்மையில் இவ்விரண்டும் ஒரே கண்ணியின் முன்புறமும் பின்புறமுமேயாகும். எல்லா வரிசைகளையும் நேர்க்கண்ணியாகப் பின்னினால் மேடும் பள்ளமுமான தடித்த துணி வரும். ஒரு வரிசை நேர், அடுத்த வரிசை மறு என்று பின்னினால் கடையில் வாங்கும் பெனியனில் காண்பது போன்ற வழவழப்பான முகம் வரும். ஒரே வரிசையில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் மணிக்கட்டிலும் இடுப்பிலும் இழுபட்டு மீளும் பட்டி வரும். மற்றவையெல்லாம் இவற்றின் பெருக்கமே.

பின்னல் குளிர்நாட்டு வேலை, எங்கள் வெயிலுக்கு அது எதற்கு என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. இன்று நூதனசாலைகளில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பின்னல் பொருட்களிற் சில எகிப்தில் கிடைத்த காலுறைகள். 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று மதிக்கப்படும் அவை, நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலாற் பின்னப்பட்டவை. ஆட்டு மயிரும் பனியும் இல்லாமலே இக்கலை வாழ்ந்திருக்கிறது. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கம்பளி நூல் இழுபடும். பிழையான இறுக்கத்தைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். பருத்தி நூல் அப்படி வளைந்து கொடுக்காது. கையும் விரைவில் வலிக்கும். ஆகவே பருத்தி நூலில் தொடங்குபவர் மேற்சட்டையை மறந்துவிட்டு, குழந்தைக்கு ஒரு தொப்பி, சந்தைக்கு ஒரு பை என்று தொடங்குதல் நலம்.

மருமகனுக்குக் கணக்கிலே சொன்னால்தான் விளங்கும். ஆகவே கடதாசியைத் திருப்பிக் கணக்கே போட்டேன். 4 மில்லிமீற்றர் ஊசி, அதாவது பழைய ஆங்கிலேய அளவில் 8ஆம் இலக்க ஊசி. அதற்கேற்ற நடுத்தரத் தடிப்புள்ள நூலில் 4 அங்குல அகலத்துக்கு 22 கண்ணி, 4 அங்குல உயரத்துக்கு 28 வரிசை என்று வைத்துக்கொள்வோம். 40 அங்குலச் சுற்றளவுள்ள சட்டைக்கு 220 கண்ணி. 24 அங்குல நீளத்துக்கு 168 வரிசை. பெருக்கினால் ஏறக்குறைய 37,000 கண்ணிகள். கை இரண்டும் இதில் இன்னும் சேரவில்லை. பழகிய கை நிமிடத்துக்கு 30 கண்ணி போடுமானால் உடற்பகுதிக்கு மட்டும் இருபது மணித்தியாலத்துக்கு மேல். புதியவனுக்கு அதில் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே கணக்கில் இன்னொரு பொறி உண்டு. உன் கை சற்றே தளர்ந்து, 4 அங்குலத்தில் 22 கண்ணிக்குப் பதிலாக 21 கண்ணியே விழுகிறது என்று கொள். ஒரேயொரு கண்ணி வித்தியாசந்தானே! ஆனால் அந்த 220 கண்ணியும் 40 அங்குலமாக நிற்காமல் ஏறக்குறைய 42 அங்குலமாகிவிடும். மூன்று மாதம் பின்னியது அண்ணனுக்குப் பொருந்தும், உனக்குப் பொருந்தாது. இதனாலேதான் அனுபவசாலிகள் முதலில் ஒரு சிறு சதுரம் பின்னி, கழுவி, உலர்த்தி, அளந்த பின்பே சட்டையைத் தொடங்குவர். புதியவர் எவரும் இதைச் செய்வதில்லை. நானும் செய்யவில்லை.

இத்தனை இருந்தும் பின்னலுக்கு ஒரு பெருங்குணம் உண்டு; அது மன்னிக்கும். பத்து வரிசைக்குக் கீழே பிழை கண்டால் ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால், பத்து வரிசையும் அவிழ்ந்து பழையபடி நூலாகிவிடும். சட்டை முழுவதுமே பிழைத்தாலும் நூல் நட்டமில்லை. நீரில் நனைத்துத் தொங்கவிட்டால் அதன் சுருளும் நீங்கும். நழுவிய ஒரு கண்ணியைக் கொக்கி ஊசியாற் பிடித்து ஏணிப்படி போல் மேலே ஏற்றிவிடலாம். பின்னலை எங்கும் கொண்டு செல்லலாம் என்பது இன்னொரு வசதி. 2014ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னர் ஒரு முறை யாழ்தேவியில் கொழும்பிலிருந்து திரும்பும்போது, அநுராதபுரம் வருமுன்னே ஒரு குழந்தையின் காலுறையை முடித்துவிட்டேன். எதிர் ஆசனத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் கடைசிவரை என்னைப் பார்க்காதவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனித் தோல். தோல் மன்னிப்பதில்லை. வெட்டியது வெட்டியதே. குத்திய துளை குத்திய இடத்திலேயே இருக்கும். நூலை உருவிவிட்டாலும் துளை உம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஆகையால் தோல் வேலையின் பெரும்பாகம் தோலிலே நடப்பதன்று, கடதாசி மட்டையிலே நடப்பது. பணப்பை செய்ய விரும்புபவர் முதலில் மட்டையில் வரைந்து, வெட்டி, மடித்து, ரூபாய்த் தாளை உள்ளே வைத்துப் பார்த்து, போதாவிடின் மீண்டும் வெட்டி, அதன் பின்பே தோலைத் தொடவேண்டும்.

எந்தத் தோல் என்பதும் ஒரு கல்வி. உலகில் இன்று பதனிடப்படும் தோலின் பெரும்பகுதி குரோமிய உப்பினாற் பதனிடப்படுவது. மென்மையானது, நீருக்கு அஞ்சாதது, விரைவில் ஆயத்தமாவது. வெட்டிய விளிம்பைப் பார்த்தால் நடுவே நீலஞ் சேர்ந்த சாம்பல் நிறம் பெரும்பாலும் தெரியும். மற்றது மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ச்சாற்றில் வாரக்கணக்கில் ஊறிப் பதமாவது. தமிழ்நாட்டில் இதற்கு நெடுங்காலம் பயன்பட்டவை ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே. எங்கள் வரண்ட நிலங்களிலே மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சென்னைப் பக்கத்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்ற தோல் இவ்வாறு பதனிடப்பட்டதே. கைவேலை கற்பவருக்கு ஏற்றது இத்துவர்த்தோல். ஈரப்படுத்தினால் களிமண் போல் அச்சை ஏற்கும். உலர்ந்தால் அவ்வடிவத்தை விடாது. விளிம்பைச் சிறிது நனைத்து மரக்கட்டையால் விடாது தேய்த்தால் கண்ணாடி போல் மினுங்கும். குரோமியத் தோலை எவ்வளவு தேய்த்தாலும் அவ்வாறு வராது. பணப்பைக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீற்றர், இடுப்புப் பட்டிக்கு மூன்று முதல் நான்கு மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும். இதை அறியாமற் கடைக்குச் செல்பவர், பட்டிக்குரிய தோலில் பணப்பை தைத்து, அதை மடிக்க முடியாமல் அவதிப்படுவார்.

தையலைப் பற்றியும் ஒரு சொல். தேன்மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசி. குத்தூசியாற் செய்த ஒவ்வொரு துளையிலும் இரு ஊசியும் எதிரெதிர்த் திசையில் நுழைகின்றன. குதிரைச் சேணம் தைப்போரின் தையல் இது. தையல் இயந்திரத்தில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொழுவி மட்டுமே நிற்கும். ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாக அவிழத் தொடங்கும். சேணத் தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்க நூல் அதே துளையூடாகச் சென்று தாங்கிக்கொள்ளும். தைக்கும் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து அங்குலத் தையலுக்கு அங்குலத்துக்கு ஏழாக எழுபது துளை. முப்பத்தேழாயிரத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு மாலை நேர வேலை. மறுநாட் காலையில் பை சட்டைப்பையில் இருக்கும்.

செலவைப் பொறுத்தவரை வழக்கு எளிது. பின்னலுக்கு இரண்டு ஊசியும் இரண்டு நூற்பந்தும் போதும். தோலுக்கோ கத்தி, இரும்பு அளவுகோல், குத்தூசி, துளைக்குறி போடும் முள், சுத்தியல், மரத்தட்டு, தையலூசிகள், மெழுகு, நூல் எல்லாம் வாங்கிய பின்னரே தோலின் விலை தொடங்கும். சுத்தியலோசையைக் கீழ்வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார் என்பது தனிக்கேள்வி. குழந்தைகள் ஓடித்திரியும் வீட்டில் அக்கத்தியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் இயலாது. மாரியில் தோல் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பொலித்தீன் பையில் மூடிவைப்பவருக்கு அது இரட்டிப்பாகக் கிடைக்கும். கம்பளிக்கு அந்துப்பூச்சி இருக்கிறது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவும் கூறியபின், "பின்னலைத் தொடங்கு. மலிவு, சத்தமில்லை, பிழையைத் திருத்தலாம்" என்று முடித்தேன். மருமகன் கடதாசியைப் பார்த்தபடி, "கந்தோரில் நாள் முழுவதும் பிழை திருத்துவதுதான் மாமா என் வேலை" என்றான். அப்போதுதான் எனக்குச் சற்று உறைத்தது. அவன் மனம் ஏற்கெனவே கோட்டின் வலப்புறம் சென்றுவிட்டது.

அவ்வேளையில் அடுக்களையிலிருந்து என் தங்கை வெளியே வந்தாள். நாங்கள் பேசியது முழுவதையும் கேட்டிருக்கிறாள். "அண்ணை, நீங்கள் அவனுக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்தாலும் காரியமில்லை. ஆம்பிளைப் பிள்ளை ஊசி பின்னுகிறான் என்று சிரிப்பார்கள், அவ்வளவுதான். தோல் வேண்டாம். அது எங்களுக்கு ஏன் ராசா? நாளைக்குக் கலியாணம் பேசப் போகிற இடத்தில் என்ன சொல்லுவார்கள்?" என்றாள்.

நேயர்களே, கடதாசியில் இல்லாத தலைப்பு இதுதான். செலவு, நேரம், இடம், பயன் என்று நாம் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்க, வேறொருவர் வந்து தட்டையே தூக்கிச் செல்கிறார்.

பின்னலைப் பற்றிய சிரிப்புக்குப் பதில் சொல்வது எளிது. ஐரோப்பிய நகரங்களிலே பின்னற் தொழிலாளர் சங்கங்கள் இருந்த காலத்தில் அவற்றின் தலைவர்கள் ஆண்களே. பெரு நாட்டிலே தித்திக்காக்கா ஏரியின் நடுவிலுள்ள தாக்கில்லே தீவில் தொப்பி பின்னுவது இன்றும் ஆண்களின் வேலை. அத்தீவின் நெசவையும் பின்னலையும் யுனெஸ்கோ நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே மானுடத்தின் மரபுச் செல்வம் எனப் பிரகடனஞ் செய்தது. இதைச் சொன்னால் சிரிப்பவர் சற்று நிறுத்துவார்.

தோலைப் பற்றிய சொல்லுக்கு இவ்வாறு புத்தகத்திலிருந்து பதில் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. கோயில் வீதியிலே தவிலைக் கேட்டுத் தலையசைக்கிறோம். கச்சேரியிலே மிருதங்கத்தின் வலந்தலையிலிருந்து எழும் நாதத்தைத் தெய்விகம் என்கிறோம். அந்த நாதம் மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் சேர்ந்தெழுப்புவது. அத்தோலை வெட்டி, அடுக்கி, வாரால் இழுத்துக் கட்டியவர் யார் என்று கேட்பதில்லை. மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றிச் சங்கீத வித்துவான் டி. எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். வாத்தியத்துக்குக் கிடைத்த வணக்கம் அதைச் செய்த கைக்குக் கிடைக்கவில்லை என்பதை அதிலே விரிவாகக் காணலாம். நமது நாட்டிலே சாதியின் பெயரால் மனிதரைப் பொது இடங்களிலிருந்து விலக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. தங்கையின் அடுக்களை வரை அது இன்னும் வந்து சேரவில்லை.

தங்கையைக் குறை சொல்லிக்கொண்டு நான் தப்பிவிடவும் இயலாது. நான் தோல் வேலை கற்றது எவரிடம்? ஆசிரியராக முதலில் நியமனம் பெற்ற ஊரில், சந்தை மூலையில் வேப்பமரத்தடியிற் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம். அறுந்த செருப்போடு போனவன், அவருடைய கை ஓடிய விதத்தைக் கண்டு ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். பின்பு ஏறக்குறைய ஒரு வருடம், பாடசாலை விட்டதும் அவரருகே ஒரு பெட்டியின் மேல் அமர்ந்திருப்பேன். குத்தூசியைச் சரிக்கும் கோணத்தை என் விரலைப் பிடித்தே காட்டித் தந்தார். முழங்கால்களுக்கிடையே பலகையால் தோலைக் கவ்விப் பிடிக்கும் வித்தையையும், நூலில் மெழுகேற்றும் அளவையும் தந்தார். ஒரு சதமும் வாங்கவில்லை.

பாடசாலையில் என்னைப் பிள்ளைகள் 'சேர்' என்று அழைத்தனர். அவரும் என்னைச் 'சேர்' என்றே அழைத்தார், நான் அவருடைய மாணவனாக இருந்தபோதிலும். நான் அவரை 'ஐயா' என்று ஒரு முறையேனும் அழைத்தேனா? இல்லை. அவருடைய முறையைக் கற்றேன், முகவரியைக் கேட்கவில்லை. என் அறைக்கு ஒரு தேநீர் அருந்தக்கூட அழைத்ததில்லை.

அடுத்து நுவரெலியாப் பக்கம் மாற்றம் கிடைத்தது. போன முதல் மாதத்திலேயே என் மேசை மீதிருந்த குத்தூசியைப் பார்த்து உடன் ஆசிரியர் ஒருவர், எல்லோரும் கேட்கும்படி, "மாஸ்டர் பக்கத் தொழிலும் வைத்திருக்கிறார் போல" என்றார். அவ்வளவே. அன்றிரவு ஆயுதங்களைச் சாக்கிற் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். அயல்வீட்டு அம்மையாரிடம் பின்னல் கற்றதும் அந்த ஆண்டிலேதான். ஏன் பின்னலுக்கு மாறினீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "அங்கே குளிர், அதனால்" என்று இத்தனை ஆண்டும் பதில் சொல்லிவந்தேன். குளிர் இருந்தது உண்மை. ஆனால் பின்னலையும் நான் யன்னற் சீலையை இழுத்து மூடிவிட்டே பின்னினேன் என்பதும் உண்மை.

இவற்றையெல்லாம் அன்று தங்கையின் முன்னிலையில் மருமகனிடம் கூறினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சென்று அடுப்பைப் பார்த்தாள். மருமகன் மட்டும், "அந்தப் பெரியவர் எந்த ஊர், மாமா?" என்று கேட்டான். ஊரைச் சொன்னேன். பெயரைச் சொல்ல என்னிடம் பெயர் இருக்கவில்லை.

மறுநாள் பெட்டியின் அடியிலிருந்து சாக்கை எடுத்தேன். கத்தி துருப்பிடித்திருந்தது, குத்தூசியின் மரப்பிடி மட்டும் கைபட்ட இடத்தில் இன்னும் வழவழப்பாயிருந்தது. அவற்றோடு ஒரு சோடி 8ஆம் இலக்க ஊசியையும் இரண்டு நூற்பந்தையும் சேர்த்து அவனிடம் கொடுத்தேன். "இரண்டு கிழமைக்குப் பின்னு, இரண்டு கிழமைக்குத் தை. பிறகு நீயே கோட்டைப் போடு" என்றேன். உங்களிலும் எவரேனும் இத்தகைய தடுமாற்றத்தில் இருப்பீர்களாயின் இதையே செய்யலாம். கடையில் வாங்குமுன் எவரிடமாவது இரவல் கேளுங்கள். பின்னலில் இருபத்துநான்கு கண்ணி ஏற்றி, ஒரு சாண் நீளத்துக்கு நேர்க்கண்ணி மட்டும் பின்னிப் பாருங்கள். தோலில், செருப்புத் தைப்பவரிடம் ஒரு கழிவுத் துண்டு கேட்டு வாங்கி, திறப்புக் கோக்கும் ஒரு வார் தைத்துப் பாருங்கள். வாங்கும்போது அவருடைய பெயரையும் கேட்டுவிடுங்கள்.

மருமகன் பின்னியது ஆறு அங்குலத்தில் நின்றுவிட்டது. அதில் நழுவிய கண்ணிகள் மூன்று. அதை இப்போது என் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க வைத்திருக்கிறேன். தோல் நிற்கவில்லை. முதலில் ஒரு திறப்பு வார், பின்பு ஒரு பணப்பை. பணப்பையின் ஒரு மூலையில் இரண்டு துளைகள் கோட்டை விட்டு விலகி நிற்கின்றன. அவற்றை மறைக்க ஒரு வழியும் இல்லை. அவன் மறைக்க முயலவுமில்லை.

சென்ற மாதம் அவன் வந்திருந்தபோது தங்கை தன் கைப்பையைக் கொண்டுவந்து அவனருகே வைத்தாள். தோள்வாரின் ஒரு பக்கம் அறுந்திருந்தது. "சந்தையடியில் கொடுத்தால் நாளைக்கென்பார்கள். நீ பார் தம்பி" என்றாள். அவன் வாசல் திண்ணையிலே, தெருவில் போவோர் வருவோர் காண, பையை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு தைக்கத் தொடங்கினான். தங்கை ஒரு தரம் தெருப்பக்கம் பார்த்தாள். பின்பு உள்ளே போய் விளக்கைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.